பட்டறை பதில்கள்: பிளாக்கைப் பிரிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கடிதங்கள் இந்த மாதம் நிறைய. எஞ்சின் கட்டித் தருகிறவரிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதே பாதிக் கடிதங்களில் கேள்வி. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

கேள்வி: வணக்கம் ஐயா. 1967 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் 10-க்குக் கீழே போகிறது, ஓடும்போது நீலப் புகை வருகிறது. இங்கே எஞ்சின் பில்டர் ஒருவர், "ஃபாஸ்ட் ரோடு, ஸ்டேஜ் 2, 130 குதிரை" என்று சொல்லி 6,500 பவுண்டு கேட்கிறார். பாதி முன்பணம். கொடுக்கலாமா? அவரிடம் நான் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?
(வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து)

பதில்: இப்போதைக்குப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே ஒருவர் குதிரைத்திறனும் விலையும் சொன்னால், அது அவருடைய விலைப்பட்டியல். உங்கள் எஞ்சினுக்கும் அதற்கும் இன்னும் சம்பந்தம் இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. வாடிக்கையாளர் வந்ததும் "எத்தனை குதிரை வரும்?" என்றுதான் கேட்கிறார், அவரும் ஒரு எண்ணைச் சொல்லி வைக்கிறார்.

முழு வேலை தேவையா என்பதை முதலில் பாருங்கள். மேட்டில் காலை அழுத்தி ஏற்றும்போது விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்துளை) போயிருக்கும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, மறுபடி மிதிக்கும்போது மட்டும் புஸ்ஸென்று வந்து நின்றால் வால்வு கைடைச் சந்தேகப்படுங்கள். கம்ப்ரஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டரையும் பாருங்கள். குறைத்துக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ஆயில் பிரஷரையும் டேஷ்போர்டில் இருக்கும் அறுபது வயது கேஜை நம்பி முடிவு செய்யாதீர்கள், வேறொரு நல்ல கேஜைப் பொருத்திப் பாருங்கள். சூடான எஞ்சின் ஓட்டத்தில் 50 முதல் 80 பி.எஸ்.ஐ., ஐடிலில் 10 முதல் 25 என்பது தொழிற்சாலைக் கையேட்டின் கணக்கு. நல்ல கேஜிலும் 10-க்குக் கீழே என்றால், சரி, கீழே பேரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது 'ஸ்டேஜ் 2'. இதற்கு யாரும் பொது இலக்கணம் எழுதி வைக்கவில்லை. ஒரு பட்டறையில் அது ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல் மூடி) கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). இன்னொரு பட்டறையில் அதோடு பெரிய பிஸ்டனும் பேலன்ஸிங்கும் சேரும். ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு, "உள்ளே என்னென்ன மாறும்? ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். 130 என்பது ஃப்ளைவீலிலா, பின் சக்கரத்திலா என்றும் கேளுங்கள். கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் தின்றது போக சக்கரத்துக்கு வருவது எப்போதுமே குறைவு. தொழிற்சாலை உங்கள் 1,798 சி.சி. எஞ்சினுக்குச் சொன்னது நிமிடத்துக்கு 5,400 சுற்றில் 95 குதிரை, 3,000 சுற்றில் 110 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). சாலையில் ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். உச்ச சக்தியைப் பற்றி அரை மணி நேரம் பேசும் பில்டரிடம், "3,000 சுற்றில் டார்க் கூடுமா, குறையுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்.

இந்த பி-சீரிஸ் எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. ஹெட்டில் ஐந்தே ஐந்து துவாரம். இன்டேக்குக்கு இரண்டு, எக்ஸாஸ்ட்டுக்கு மூன்று. ஒன்றாம் சிலிண்டரும் இரண்டாம் சிலிண்டரும் ஒரே இன்டேக் துவாரத்தில் மூச்சு வாங்குகின்றன, மூன்றும் நாலும் இன்னொன்றில். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. எழுதிப் பாருங்கள்: மூன்று இழுத்து முடித்ததும் நாலு இழுக்கிறது, இரண்டு முடித்ததும் ஒன்று இழுக்கிறது. ஒரே குழாயில் இரண்டு குடத்தை அடுத்தடுத்து வைத்துப் பிடிப்பது போலத்தான். முதல் குடம் நகரும் முன் இரண்டாவதை நீட்டினால் இரண்டுக்கும் சரியாக விழாது. நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் ரேஸ் கேமைப் போட்டால் இதுதான் நடக்கும். மேல் சுற்றில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் ஐடில் தள்ளாடும், கீழ்ச் சுற்றில் இழுவை இருக்காது. உங்கள் 1967 மாடலின் முதல் கியரில் சின்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ வைக்கும் அமைப்பு) வேறு கிடையாது. லெஸ்டர் நெரிசலில் 2,500 சுற்றுக்குக் கீழே இழுக்காத வண்டியை அந்த கியர்பாக்ஸோடு ஓட்டிப் பாருங்கள், ஒரே வாரத்தில் விற்பனை விளம்பரம் எழுதுவீர்கள்.

ஆகவே பில்டரிடம் எத்தனை குதிரை என்று ஆரம்பிக்காதீர்கள். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பீக் டிஸ்ட்ரிக்ட் மலைச் சாலையா? மோட்டார்வேயில் ஓவர்டிரைவில் தூரப் பயணமா? வருடத்துக்கு இரண்டு தடவை டிராக்கா? மூன்றுக்கும் கேம் வேறு. என்னைக் கேட்டால், சாலை வண்டிக்கு ஹெட்டில் செலவு செய்யுங்கள், கேமை மிதமாக வையுங்கள்.

அடுத்தது போர். 20 தௌ, 30, 40, 60 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று.) போரை அளந்து பார்த்து, 20-இல் சுத்தமாகிவிடும் என்றால் 20 போதும். "எல்லாருக்கும் 60 போடுவோம், 1,868 சி.சி. கிடைக்கும்" என்பது பல பட்டறைகளின் வழக்கம். கிடைப்பது என்னவோ 70 சி.சி.தான், அதற்காகச் சுவர் தேய்ந்துவிடுகிறது. அடுத்த முறை ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் புது உறை) போட வேண்டி வரும். பெரிதாகத்தான் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தால் 83.5 மி.மீ. பிஸ்டன் போட்டு 1,950 சி.சி.க்குப் பக்கத்தில் போகிறவர்கள் உண்டு. ஆனால் அதற்கு முன் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) சுவர் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியில் அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் போர் செய்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி நான் எல்லாரிடமும் வற்புறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அளவுத்தாள். பில்ட் ஷீட் என்று கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக எடுத்த போர் அளவு. பிஸ்டன் இடைவெளி, ரிங் இடைவெளி, கிராங்க் ஜர்னல் ஒவ்வொன்றின் அளவு, மெயின் பேரிங்கிலும் பிக் எண்டிலும் ஆயிலுக்கு விட்ட இடம், கேம் டைமிங், கம்ப்ரஷன் ரேஷியோ. இவையெல்லாம் அவர் கைப்பட எழுதிய தாளாக உங்களுக்கு வர வேண்டும்.

கம்ப்ரஷன் ரேஷியோவையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். "ஒன்பதரை வைத்திருக்கிறேன்" என்று வாயால் சொல்வது சுலபம். அளக்கிறவர் எப்படிச் செய்வார் தெரியுமா? ஹெட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து, ஸ்பிரிட் லெவல் பார்த்து மிகச் சிறிய சரிவு கொடுப்பார். வால்வுகளை அதனதன் சீட்டில் பொருத்தி, பிளக்கைத் திருகி, சேம்பர் (பெட்ரோல் எரியும் குழி) விளிம்பில் கிரீஸ் தடவி, ஒரு துளை போட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை அழுத்தி ஒட்டுவார். துளை மேட்டுப் பக்கம் இருக்கும். பியூரெட்டில் சாயம் கலந்த மண்ணெண்ணெய். சொட்டுச் சொட்டாக விடுவார். தகட்டுக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழ் ஓடிக்கொண்டே இருக்கும், சிறிதாகிச் சிறிதாகித் துளை வழியே வெளியேறும். அந்தக் குமிழ் போன கணத்தில் பியூரெட்டில் எந்தக் கோடு என்று பார்த்து எழுதுவார். நாலு சேம்பருக்கும் இதே வேலை. ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் இருந்தால் சின்னதை மெல்ல அரைத்துப் பெரியதற்குச் சமமாக்கி, மறுபடி மண்ணெண்ணெய் விடுவார். ஒரு காலை நேரம் முழுக்க இதற்கே போய்விடும்.

எதற்கு இத்தனை பாடு? 1,868 சி.சி. என்றால் ஒரு சிலிண்டருக்கு 467. ரேஷியோ 9.5 வேண்டுமென்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் மொத்த இடம் 55 சி.சி. இருக்க வேண்டும் (467-ஐயும் 55-ஐயும் கூட்டி 55-ஆல் வகுத்துப் பாருங்கள்). சேம்பர், கேஸ்கட் தடிமன், பிஸ்டன் தலையில் இருக்கும் குழி, பிஸ்டனுக்கும் பிளாக் முகத்துக்கும் இடையில் உள்ள இடம், நாலும் சேர்ந்து 55. அது 60 ஆகிவிட்டால் ரேஷியோ 8.8-க்கு இறங்கிவிடும். 50 ஆனால் 10.3-க்கு ஏறிவிடும்; சாதா பெட்ரோலில் மேடு ஏறும்போது நாக்கிங், அதாவது உள்ளே தட்டும் சத்தம், கேட்கும். ஐந்து சி.சி. என்பது ஒரு டீஸ்பூன். ஆகவே "ஒன்பதரை" என்றவரிடம் "அந்த நாலு அளவும் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஹெட்டில் இன்னொன்று. நடு இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அங்கே சூடு அதிகம், விரிசல் விழும். வேலை ஆரம்பிக்கும் முன்பே கிராக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எல்லாம் அரைத்து மெருகேற்றிய பிறகு விரிசலைக் கண்டுபிடித்தால் அந்தக் கூலியும் உங்கள் கணக்குதான். எக்ஸாஸ்ட்டுக்குக் கடினப்படுத்திய சீட் போட வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 2000 பிறந்ததோடு போயிற்று. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதா 95 பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 ஆகிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸுக்கு அது ஆகாது. ஹோஸ்களை மாற்றுங்கள், முடிந்தவரை ஈ5 சூப்பர் போடுங்கள்.

பிளாக்கில் ஆயில் போகும் துளைகளின் அடைப்புகளைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவினார்களா என்றும் கேளுங்கள். போர் செய்தபோது விழுந்த இரும்புத் தூள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். வண்டியில் ஆயில் கூலர் இருந்தால் பழையதைத் திரும்பப் பொருத்தாதீர்கள். செத்துப்போன எஞ்சினின் பேரிங் துகள்கள் அதன் மடிப்புகளுக்குள் இருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. புது எஞ்சின் அதைத்தான் முதலில் குடிக்கும்.

பணம். பாதி முன்பணம் வேண்டாம். பிரித்து, கழுவி, அளந்து பார்ப்பதற்கு மட்டும் தனிக் கூலி கொடுங்கள். அந்த அளவுகளை வைத்து அவர் எழுத்தில் மதிப்பீடு தரட்டும். பிறகு பிஸ்டன், கேம், பேரிங் முதலியவை வாங்கும்போது பில்லைக் காட்டிப் பணம் வாங்கட்டும். டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) ஓட்டிக் காட்டிய பிறகு கடைசித் தவணை. ஒரு தவணையையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் இருந்தால், 1974-இன் நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. முழுத் தொகையும் கார்டில் கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. மாற்றங்களை இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அவரிடம் முன்பு கட்டிய ஏதாவது ஒரு எஞ்சினின் அளவுத்தாளை, பெயரை மறைத்துவிட்டு, காட்டச் சொல்லுங்கள். சந்தோஷமாக எடுத்துக் காட்டினால் அவரிடமே கொடுங்கள், 6,500-க்கும் பேரம் பேச வேண்டாம். "அதெல்லாம் என் தலையில் இருக்கிறது" என்றால் கும்பிட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரருடைய 1971 எம்.ஜி. மிட்ஜெட் எஞ்சினைப் புதிதாகக் கட்டி வாங்கியிருக்கிறோம். பில்டர், "ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதே, இருபது நிமிடம் 2,000 சுற்றுக்கு மேலேயே வை" என்கிறார். இவரோ, "புது எஞ்சினை இப்படியா முறுக்குவது, பச்சைப் பிள்ளை மாதிரி மெதுவாக ஓட விட வேண்டும்" என்று சண்டை போடுகிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்)

பதில்: பில்டர் சொல்வதுதான் சரி அம்மணி. வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டின் மேடு நேரடியாகத் தட்டையான ஃபாலோயரின் (அந்த மேடு தள்ளும் துண்டு) மேல் உரசி ஓடுகிறது. புது கேமும் புது ஃபாலோயரும் ஒன்றுக்கொன்று பழகுவது அந்த முதல் இருபது நிமிடத்தில்தான். அப்போது ஃபாலோயர் தன் துளைக்குள் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், மேலே ஆயில் நிறைய விழ வேண்டும். ஐடிலில் ஆயிலும் குறைவாகத்தான் தெறிக்கும், ஃபாலோயரும் சரியாகச் சுழலாது. உரசிய இடத்திலேயே உரசி, மேடு தேய்ந்துவிடும். 2,000-லிருந்து 2,500 வரை ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓட்டினால் அந்த ஆபத்து தாண்டிவிடும். ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டரில் தண்ணீர், கார்புரேட்டரில் பெட்ரோல், டைமிங், எல்லாம் தயாராக இருக்கட்டும். ஸ்டார்ட்டரையே அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தால் கேமில் தடவிய பசையெல்லாம் வழிந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றி, கேஜில் ஆயில் பிரஷர் வந்ததைப் பார்த்த பிறகு பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆயில் 20W-50, பழைய எஞ்சினுக்கென்றே விற்பது, துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு உள்ளது. நவீன கார்களுக்கான மெல்லிய சிந்தெடிக் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் அது அடுத்த 500 மைலுக்கு. அப்போது முழுதாக மிதிக்கக் கூடாது. அதற்காக மோட்டார்வேயில் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டும் போகக் கூடாது. மேடு பள்ளமான சாலையில் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் விட்டு ஓட்டினால்தான் ரிங் சிலிண்டரில் நன்றாகப் படியும். 500 மைல் ஆனதும் ஆயில், ஃபில்டர் மாற்றி, ஹெட் நட்டுகளையும் வால்வு இடைவெளியையும் பில்டரிடமே காட்டுங்கள்.

கேள்வி: என் எம்.ஜி.பி. ஜி.டி.யில் நாலு சிலிண்டரைக் கழற்றிவிட்டு வி8 போட்டுவிட்டால் இந்தக் கேம், ஹெட் தொல்லையே இல்லையே?
(வாசகர், பர்மிங்ஹாம்)

பதில்: தொழிற்சாலையே அதைச் செய்தது. 1973 முதல் 1976 வரை ரோவரின் 3,528 சி.சி. அலுமினிய வி8 போட்டு 2,591 கார்கள். 137 குதிரை. அலுமினியம் என்பதால் எடையும் பழைய இரும்பு எஞ்சினை ஒட்டித்தான். நல்ல வண்டி. ஆனால் அதற்கு ஆக்ஸில், பிரேக், கூலிங், கியர்பாக்ஸ் எல்லாம் சேர்த்து யோசித்திருந்தார்கள். நீங்கள் எஞ்சினுக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

கேள்வி: அண்ணா, என் டிரையம்ஃப் டி.ஆர்.6 எஞ்சின் ஒரு பட்டறையில் ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது. போன் செய்தால் "அடுத்த வாரம்" என்கிறார்கள். பெரும்பகுதிப் பணம் கொடுத்தாயிற்று. என்ன செய்ய?
(வாசகர், ஸ்கார்பரோ, டொராண்டோ)

பதில்: போன் செய்வதை நிறுத்துங்கள் தம்பி. நேரம் கேட்டு நேரில் போங்கள். போகும்போது காபி வாங்கிக்கொண்டு போங்கள், சண்டைக்குப் போகிறவன் காபி வாங்கிப் போக மாட்டான் என்று அவர்களுக்கும் தெரியும்.

தாமதத்துக்கு நியாயமான காரணங்களும் உண்டு. பெரும்பாலான எஞ்சின் பில்டர்கள் எல்லா வேலையையும் தாங்களே செய்வதில்லை. கிராங்க் அரைப்பது ஒரு இடம், பேலன்ஸிங் ஒரு இடம், கேம் வேறொரு இடம். ஒரு இடத்தில் நின்றால் எல்லாம் நிற்கும். அப்புறம், கனடாவில் எல்லாரும் பனிக்காலத்தில் வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டு ஒரே சமயத்தில் எஞ்சினைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். வசந்தத்துக்குள் எல்லாருக்கும் வேண்டும்.

ஆனால் இந்தக் காரணமெல்லாம் உங்கள் சாமான் எங்கே இருக்கிறது என்பதற்குப் பதிலாகாது. பிளாக், கிராங்க், ஹெட், கனெக்டிங் ராடுகள், எல்லாவற்றையும் மேசையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். போட்டோ எடுங்கள், எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பணத்தில் வாங்கிய பிஸ்டனும் பேரிங்கும் பெட்டியோடு இருக்கிறதா பாருங்கள். பிறகு அன்றைக்கே, பார்த்ததையும் அவர்கள் சொன்ன தேதியையும் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். மெஷின் வேலை முடிந்து, பொருத்துவது மட்டும் பாக்கி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பிளாக்கையே இன்னும் தொடவில்லை என்றால், செய்த வேலைக்குக் கணக்குத் தீர்த்துச் சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இன்னொரு வருடம் காத்திருந்தால் பட்டறை வேறு கை மாறி, எது யாருடைய கிராங்க் என்றே தெரியாமல் போய்விடும்.

மேசையில் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த 2,498 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சினில், கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பது பின்பக்க மெயின் பேரிங் அருகில் இருக்கும் அரை வட்ட த்ரஸ்ட் வாஷர்கள். தேய்ந்து கீழே விழுந்துவிடுவது இந்த எஞ்சினின் பழைய வியாதி. விழுந்தால் கிராங்க் பிளாக்கிலேயே உரசும். உங்கள் பிளாக்கில் அந்த இடம் காயமாகியிருக்கிறதா பாருங்கள், என்ன வாஷர் போடுகிறார்கள் என்று கேளுங்கள். இன்னொரு விஷயம். இங்கிலாந்து டி.ஆர்.6-இல் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்ஷனோடு ஆரம்பத்தில் 150 குதிரை சொன்னார்கள். வட அமெரிக்காவுக்கு வந்தது இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் வைத்தது, அதன் சக்தி குறைவுதான். அந்த 150-ஐ மனதில் வைத்துக்கொண்டு பில்டரிடம் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: இங்கே ஹெட் வேலைக்கு யானை விலை சொல்கிறார்கள். ஊருக்குப் போகும்போது என் எம்.ஜி.பி. எஞ்சினைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிச் செய்துகொண்டு வந்தால் என்ன? அங்கே இதெல்லாம் தெரியுமா?
(வாசகர், மில்டன் கீன்ஸ்)

பதில்: தெரியுமாவா? நம் ஊர் அம்பாசடரில் 1959-லிருந்து ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உங்கள் எஞ்சினின் அண்ணன். அதே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ். போர் 73 மி.மீ. சொச்சம், ஸ்ட்ரோக் உங்களுடையதேதான், 88.9. அதே ஐந்து துவார ஹெட். அம்பாசடரின் 1.5 டீசலும் அந்த வம்சம்தான். நான் வால்வு லேப்பிங் (வால்வைச் சீட்டில் படிய அரைப்பது) பழகியதே டாக்ஸி அம்பாசடர் ஹெட்களில். பல வருடம் கழித்து இங்கிலாந்தில் ஒரு எம்.ஜி.பி.யின் ராக்கர் கவரைக் கழற்றியபோது எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கைத்திறன் இருக்கிறது என்பதற்காக முழு எஞ்சினையும் அனுப்புவது கெட்டிக்காரத்தனம் இல்லை. அனுப்பும் கூலியே மிச்சத்தைத் தின்றுவிடும். அதைவிட முக்கியம், ஆயில் ஒழுகினாலோ சத்தம் வந்தாலோ மில்டன் கீன்ஸிலிருந்து யாரிடம் கொண்டுபோய் நிறுத்துவீர்கள்? கட்டியவர் ஓட்டிக் கேட்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். ஹெட் மட்டும் என்றால் யோசிக்கலாம். சீட், கைடு, வால்வு எல்லாம் எம்.ஜி.பி.க்கு உரியதை இங்கிலாந்திலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். அளவு எல்லாம் தாளில் எழுதிக் கொடுங்கள், "நல்லா பண்ணிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ஹெட் முகத்தை எவ்வளவு சீவினார்கள் என்பதைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். அது தெரியாமல் இங்கிலாந்தில் எஞ்சினைக் கட்டுகிறவரால் கம்ப்ரஷன் கணக்குப் போட முடியாது.

கேள்வி: வண்டியோடு வந்த அசல் எஞ்சின் பிளாக்கில் விரிசல். பில்டர் வேறு பிளாக்கில் கட்டலாம் என்கிறார். வண்டியின் மதிப்புப் போய்விடாதா?
(வாசகர், ரெடிங், இங்கிலாந்து)

பதில்: அசல் பிளாக்கைத் தூக்கிப் போடாதீர்கள், அவ்வளவுதான். ஆயில் தடவி, பாலிதீன் சுற்றி, ஷெட் மூலையில் வையுங்கள். வேறு பிளாக்கில் கட்டி ஓட்டுங்கள். வண்டியை விற்கும் நாளில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்குக் குறை இருக்காது. விரிசலின் இடத்தைப் பொறுத்து, தையல் போட்டோ ஸ்லீவ் போட்டோ பிற்பாடு காப்பாற்றவும் முடியலாம். எஞ்சின் எண்ணோ சி.சி.யோ மாறினால் டி.வி.எல்.ஏ.வுக்கு (பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம்) எழுதிப் பதிவுச் சான்றில் மாற்றிக்கொள்ளுங்கள். நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு எம்.ஓ.டி. (வருடாந்திர வாகனப் பரிசோதனை) விலக்கு இருக்கிறதே, அது போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அதே அடிப்படை எஞ்சின் வேறு சி.சி.யில் இருந்தால் அதைப் பெரிய மாற்றமாக அங்கே கணக்கில் எடுப்பதில்லை.

மாற்றுப் பிளாக் வாங்கும்போது ஒன்று. எம்.ஜி.பி.யில் எஞ்சின் எண் பிளாக்கிலேயே செதுக்கியது அல்ல, வலப் பக்கம் ரிவெட் அடித்த சின்னத் தகடு. 18ஜிபி என்று ஆரம்பித்தால் ஐந்து மெயின் பேரிங் எஞ்சின். அதற்கு முந்தைய, 1964 வரை வந்தவற்றில் மூன்றுதான். வரிசை எண்ணுக்கு முன் உள்ள எழுத்து எச் என்றிருந்தால் உயர் கம்ப்ரஷன், எல் என்றிருந்தால் குறைந்த கம்ப்ரஷன். ஆனால் தகட்டை யார் வேண்டுமானாலும் கழற்றி வேறு பிளாக்கில் அடிக்கலாம். ஆகவே எண்ணைப் படித்துவிட்டு ரிவெட்டையும் பாருங்கள். பிளாக்கின் பெயிண்டும் அழுக்கும் ரிவெட் தலையிலும் இருக்க வேண்டும். பளபளப்பாக இருந்தால் சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) கழற்றி மெயின் பேரிங் மூடிகளை எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள்.